ஓட்டை போட்டுக் கணக்குப் பார்த்த மனிதர்

பிப்ரவரி 29-ம் தேதி பிறந்தவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? நாலு வருஷத்துக்கு ஒருமுறைதான் கேக் வெட்ட முடியும் என்று கிண்டல் செய்வோம். அப்படி 1860-ம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று அமெரிக்காவில் பஃபலோ நகரத்தில் ஒரு குழந்தை பிறந்தது. தேதியையும் மாசத்தையும் வருஷத்தையும் வைத்துக் கோடிக்கணக்கான கணக்குகளைக் கூட்டிக் காட்டப் போகிற ஆளுக்கு இப்படி ஒரு பிறந்த தேதி வாய்த்தது வேடிக்கைதான். அவர் பெயர் ஹெர்மன் ஹாலரித்.

பெயரைக் கேட்டதும் ஐ.பி.எம். என்று சிலர் சொல்வார்கள். பஞ்ச் கார்டு என்று சிலர் சொல்வார்கள். கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட் நண்பர்கள் முதல் யூனிட்டிலேயே, கம்ப்யூட்டரின் வரலாறு என்ற தலைப்பில், பாபேஜுக்கு அடுத்த பத்தியில் இவரைப் படித்து இரண்டு மார்க் வாங்கியிருப்பீர்கள். அந்த இரண்டு மார்க்குக்குப் பின்னால் இருக்கிற மனிதரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அப்பா, அம்மா இருவரும் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள். ஹெர்மன் சின்னப் பையனாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். அம்மா யாரிடமும் கையேந்தவில்லை. பெண்கள் அணியும் தொப்பிகளைத் தைத்து விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார். பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு பகைவன்: ஸ்பெல்லிங். ஸ்பெல்லிங் வகுப்பு வந்தாலே ஆள் காணாமல் போய்விடுவாராம். ஒருநாள் வாத்தியார் கதவைப் பூட்டி வைக்க, பையன் மாடி ஜன்னல் வழியாகக் குதித்து ஓடியதாக ஒரு கதையே உண்டு. ஆனால் கணக்கும் படம் வரைவதும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கொலம்பியா கல்லூரியின் சுரங்கப் பொறியியல் பள்ளியில் சேர்ந்து 1879-ல் பட்டம் வாங்கி வெளியே வந்தார். அப்போது வயது 19. நம்மில் பலர் டிப்ளமோ முடிக்கிற வயசு!

பேராசிரியர் டிரோபிரிட்ஜ் என்பவர் பையனின் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்து 1880-ம் வருஷத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். தொழிற்சாலைகளில் நீராவி எவ்வளவு, நீர்ச்சக்தி எவ்வளவு என்று புள்ளிவிவரம் திரட்டும் வேலை. அங்கேதான் ஹாலரித் ஒரு விஷயத்தைக் கண்ணால் பார்த்தார். நாடு முழுக்க ஆள் அனுப்பி வீடு வீடாக விவரம் எழுதி வாங்குவது ஒரு பெரிய வேலையே இல்லை. வாங்கி வந்த காகிதங்களை வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்பதுதான் மலை. ஐந்து கோடிப் பேர். ஒவ்வொருவருக்கும் வயது, பால், பிறந்த ஊர், தொழில், திருமணம் என்று பல விவரங்கள். குமாஸ்தாக்கள் உட்கார்ந்து ஒரு கட்டத்துக்குள் கோடு கோடாகப் போட்டு, ஐந்து ஐந்தாக எண்ணிக் கூட்டினார்கள். முப்பது வயதுக்கு மேற்பட்ட நெசவாளிகள் எத்தனை பேர் என்று ஒரு புதுக் கேள்வி கேட்டால் மறுபடியும் முதல் காகிதத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்! அந்தக் கணக்கெடுப்பின் தொகுதிகள் முழுமையாக அச்சேறி முடிய ஏழு வருஷத்துக்கும் மேலாயிற்று. அடுத்த கணக்கெடுப்பே கதவைத் தட்டும் நேரம் வந்துவிட்டது.

அந்த அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் புள்ளிவிவரங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் டாக்டர் ஜான் ஷா பில்லிங்ஸ். ஹாலரித்துக்கு அவர் மகள் கேட் மீது ஒரு கண். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பில்லிங்ஸ் வீட்டில் விருந்து. சாப்பாட்டு மேஜையில் பேச்சுவாக்கில் பில்லிங்ஸ், இந்த எண்ணுகிற வேலையை மெஷின் செய்ய வேண்டும், ஜக்கார்டு தறி மாதிரி அட்டையில் துளை போட்டு ஏதாவது செய்யலாம் என்று சொன்னார். (டெக்ஸ்டைல் நண்பர்களுக்கு ஜக்கார்டைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.) கேட் விவகாரம் கைகூடவில்லை. ஆனால் அந்தப் பேச்சு மண்டைக்குள் புகுந்துவிட்டது. பின்னாளில் ஹாலரித் டாக்டரிடம் போய், நீங்களும் கூட்டுச் சேருங்கள் என்று கேட்டார். பில்லிங்ஸுக்கு அதில் விருப்பமில்லை. யோசனை அவருடையது என்பதை மட்டும் ஹாலரித் எந்தக் காலத்திலும் மறைக்கவில்லை. கோபக்காரர், பிடிவாதக்காரர் என்று இவரைப் பற்றி ஆயிரம் சொல்லலாம். இந்த ஒரு விஷயத்தில் தங்கம்.

1882-ல் எம்.ஐ.டி.யில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சொல்லிக் கொடுக்கப் போனார். ஒரே வருஷம்தான். அடுத்து வாஷிங்டனில் பேட்டன்ட் அலுவலகத்தில் வேலை. அங்கேயும் கொஞ்ச காலம்தான். ஆனால் அந்தக் கொஞ்ச காலத்தில் ஒரு கண்டுபிடிப்பை எப்படி எழுதினால் வேறு யாரும் தொட முடியாது என்ற வித்தையைக் கற்றுக்கொண்டார். 1884 செப்டம்பரில் தன் முதல் பேட்டன்ட் விண்ணப்பத்தைப் போட்டார். முதலில் நீளமான காகிதச் சுருளில் துளை போட்டுத்தான் பார்த்தார். அதில் ஒரு தொல்லை. நடுவில் இருக்கிற ஒருவருடைய விவரம் மட்டும் வேண்டும் என்றால் சுருள் முழுவதையும் ஓட்ட வேண்டும். டேப்புக்கும் டிஸ்க்குக்கும் வித்தியாசம் என்ன என்று வைவாவில் கேட்பார்களே, அதே தொல்லைதான்!

அப்போது அவருக்கு ஞாபகம் வந்தது ரயில் டிக்கெட். அந்தக் காலத்தில் சில ரயில்களில் ஒருவருடைய டிக்கெட்டில் இன்னொருவர் பயணம் செய்யாமல் இருக்க, கண்டக்டர் பயணியைப் பார்த்து டிக்கெட் ஓரத்தில் துளை போடுவார். தலைமுடி என்ன நிறம், கண் என்ன நிறம், மூக்கு பெரிசா சின்னதா என்று அச்சடித்திருக்கும் இடத்தில் ஓட்டை. ஒருவரின் படமே ஓட்டைகளில் வந்துவிடும். சரி, ஒரு ஆளுக்கு ஒரு அட்டை என்று முடிவு செய்தார் ஹாலரித். சுருள் போயிற்று, கார்டு வந்தது. இன்றைக்கு நாம் ஒரு ரெக்கார்டு என்று சொல்கிறோமே, அதன் உருவம் அந்த நிமிஷத்தில் பிறந்துவிட்டது என்றே நான் சொல்வேன்.

1886-ல் பால்டிமோர் நகர சுகாதாரத்துறையின் இறப்புக் கணக்கில் முதல் சோதனை. கண்டக்டர் வைத்திருக்கும் கைப் பஞ்சாலேயே ஆயிரக்கணக்கான கார்டுகளில் இவரே உட்கார்ந்து துளை போட்டார். கை மரத்துப் போய்விட்டது. அந்த வலியிலிருந்து வந்ததுதான் பான்டோகிராஃப் பஞ்ச். முன்னால் ஒரு பலகையில் எழுத்துகளுக்கு நேராக முள்ளை வைத்து அழுத்தினால் பின்னால் இருக்கிற கார்டில் சரியான இடத்தில் துளை விழும். நடுவில் ரயில்களுக்கு மின்சார பிரேக் செய்து 1887-ல் பர்லிங்டனில் நடந்த பிரேக் போட்டியில் கலந்துகொண்டு வெஸ்டிங்ஹவுஸிடம் தோற்றதும் உண்டு. அதோடு பிரேக்கை மூட்டை கட்டிவிட்டார்.

1889-ல் வந்தது உண்மையான பரீட்சை. 1890 கணக்கெடுப்புக்கு எந்த முறையைப் பயன்படுத்துவது என்று முடிவு செய்ய மூன்று பேருக்குள் போட்டி வைத்தார்கள். செயின்ட் லூயிஸ் நகரத்தின் நாலு வட்டாரங்களில் 10,491 பேருடைய விவரம்தான் வினாத்தாள். ஹன்ட் என்பவர் வண்ண மையும் சீட்டுகளும் வைத்து வந்தார். பிட்ஜின் என்பவர் வண்ண வண்ணச் சில்லுகளோடு வந்தார். நம்மாளு கார்டும் மெஷினுமாக வந்தார். விவரத்தைப் பெயர்த்து எழுத ஹன்ட்டுக்கு 144 மணி 25 நிமிஷம். பிட்ஜினுக்கு 110 மணி 56 நிமிஷம். ஹாலரித்துக்கு 72 மணி 27 நிமிஷம். பரவாயில்லை, பாதிதான் வித்தியாசம் என்று நினைப்பீர்கள். அடுத்து எண்ணிக் கூட்டுகிற கட்டம். ஹன்ட் 55 மணி 22 நிமிஷம், பிட்ஜின் 44 மணி 41 நிமிஷம். ஹாலரித்? 5 மணி 28 நிமிஷம்! இந்த எண்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். டேட்டா என்ட்ரியில் ஜெயித்தது கொஞ்சம்தான். உள்ளே போன டேட்டாவைத் திருப்பித் திருப்பிக் கேள்வி கேட்பதில்தான் மெஷின் பாய்ந்தது. இன்றைக்கு எந்த ஆபீஸில் போய்ப் பார்த்தாலும் இந்தக் கதைதான்.

மெஷின் எப்படி வேலை செய்தது? எலக்ட்ரிக்கல்காரர்களுக்கு ஐந்து நிமிஷத்தில் புரிந்துவிடும். கார்டை ஒரு தட்டில் வைத்து, கைப்பிடியை இழுத்தால் மேலேயிருந்து ஸ்பிரிங் வைத்த ஊசிகள் இறங்கும். துளை இல்லாத இடத்தில் ஊசி அட்டையில் முட்டி நின்றுவிடும். துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போய்க் கீழே இருக்கும் சின்னக் கிண்ணத்துப் பாதரசத்தைத் தொடும். சர்க்யூட் மூடும். மின்காந்தம் இழுக்கும். எதிரே சுவரில் கடிகாரங்கள் மாதிரி வரிசையாக இருக்கும் 40 டயல்களில் அதற்குரிய முள் ஒரு எண் நகரும். ஒவ்வொரு டயலும் 9,999 வரை எண்ணும். கார்டு ஒழுங்காகப் படிக்கப்பட்டால் மணி அடிக்கும். அடிக்கவில்லை என்றால் துளையில் எங்கேயோ தப்பு. ரிலேக்களைச் சேர்த்து வயரிங் செய்தால் இதுவும் இருந்து அதுவும் இருந்தால் மட்டும் எண்ணு என்றும் சொல்லலாம். அதாவது லாஜிக் லேப்பில் நாம் போடுகிற ஆண்டு கேட்! பக்கத்தில் ஒரு பெட்டி. கார்டு எந்த ரகமோ அந்த அறையின் மூடி மட்டும் தானாகத் திறந்துகொள்ளும். கார்டை எடுத்து உள்ளே போட வேண்டியது ஆபரேட்டரின் வேலை. கொஞ்சம் ஓய்வு வேண்டும் என்று தோன்றினால் சில ஊழியர்கள் கிண்ணத்துப் பாதரசத்தை மை உறிஞ்சியால் உறிஞ்சி எச்சில் பாத்திரத்தில் விட்டுவிடுவார்கள், மெஷின் ரிப்பேர் என்று ஆள் வரும் வரை உட்காரலாம் என்றும் ஒரு கதை சொல்வார்கள். மனுஷன் எங்கேயும் மனுஷன்தானே!

1890-ம் வருஷம் ஆரவாரமாக ஆரம்பித்தது. ஒரு மெஷினுக்கு வருஷம் 1,000 டாலர் வாடகை. விற்பனை கிடையாது, வாடகை மட்டுமே. இந்த வாடகைப் பழக்கம் பின்னால் ஐ.பி.எம்.முக்கும் தொற்றிக்கொண்டது. அதே வருஷம் கொலம்பியா அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. செப்டம்பர் 15-ம் தேதி லூசியா டால்காட்டைக் கல்யாணம் செய்துகொண்டார். பிறகு ஆறு பிள்ளைகள்.

சில வாரங்களில் மொத்தத் தொகை தயார்: 6,26,22,250 பேர். ஊரே கொண்டாடியிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை! நாடு ஆறரைக் கோடியைத் தாண்டும் என்று பத்திரிகைகள் கனவு கண்டிருந்தன. குறைந்துவிட்டதே, மெஷின் எண்ணாமல் விட்டுவிட்டது என்று திட்டித் தீர்த்தார்கள். நியூயார்க் நகரம் எங்கள் ஊரில் ஆட்களை விட்டுவிட்டார்கள் என்று சண்டைக்கு வந்தது. எண் நமக்குப் பிடித்ததாக இல்லாவிட்டால் எண்ணியவர்மீது பாய்வது அன்றும் வழக்கம். செலவு விஷயத்திலும் ஒரு உண்மை சொல்ல வேண்டும். கையால் எண்ணியிருந்தால் ஆகியிருக்கக்கூடியதைவிடப் பல லட்சம் டாலர் மிச்சம் என்று பெருமை பேசினார்கள். ஆனால் முந்தைய கணக்கெடுப்பைவிட இதன் மொத்தச் செலவு கிட்டத்தட்ட இரட்டிப்பு. சுலபமாகக் கேள்வி கேட்க முடிகிறது என்று தெரிந்ததும் கேள்விகள் பெருகிவிட்டன.

இந்த 1890 காகிதங்களுக்கு என்ன ஆயிற்று தெரியுமா? 1921 ஜனவரியில் வாஷிங்டனில் வணிகத்துறைக் கட்டடத்தில் தீப்பிடித்தது. வீடு வீடாக எழுதி வாங்கிய அசல் தாள்களில் பெரும்பகுதி நெருப்பிலும் தண்ணீரிலும் நாசமாயின. மிச்சம் இருந்ததையும் பின்னால் அழித்துவிட்டார்கள். ஆறு கோடிப் பேரின் பெயரும் வீடும் போயின. இன்று நம்மிடம் பெரும்பாலும் இருப்பது கூட்டுத்தொகை மட்டும். மாநிலவாரியாக, வயதுவாரியாக, தொழில்வாரியாக எல்லாம் இருக்கிறது. ஆனால் என் தாத்தா அந்த வருஷம் எந்தத் தெருவில் இருந்தார் என்று ஒரு அமெரிக்கர் கேட்டால் பதில் இல்லை. சம்மரி இருந்தால் போதும், அசல் எதற்கு என்று பேசுகிறவர்களிடம் இந்தக் கதையை நான் தவறாமல் சொல்வேன்.

கணக்கெடுப்பு முடிந்தால் மெஷின்கள் வீட்டுக்கு வந்துவிடும். அடுத்த பத்து வருஷத்துக்கு யார் வாடகை கொடுப்பார்? அதோடு 1893-ல் அமெரிக்காவில் பொருளாதார நெருக்கடி வேறு. ஹாலரித் கையைப் பிசைந்தார். அப்போதுதான் கம்பெனிகள் பக்கம் திரும்பினார். கதையின் இந்தப் பகுதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

நியூயார்க் சென்ட்ரல் ரயில்வே. வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 40 லட்சம் சரக்கு ரசீதுகள். எந்த ஸ்டேஷனிலிருந்து எந்த ஸ்டேஷனுக்கு, என்ன சரக்கு, எத்தனை எடை, எவ்வளவு வரும்படி. மக்கள்தொகையில் ஒரு கார்டு என்றால் ஒரு ஆள். ஒன்று ஒன்றாக எண்ணினால் போதும். இங்கே ஒரு கார்டில் 3 டாலர், அடுத்ததில் 418 டாலர். எண்ணுவது போதாது, கூட்ட வேண்டும். ஹாலரித் கார்டையே மாற்றினார். எண்களுக்கு என்று காலம் காலமாகப் பிரித்து, ஒவ்வொரு காலத்திலும் பூஜ்யம் முதல் ஒன்பது வரை ஏதோ ஒரு இடத்தில் துளை. மெஷினில் எண்ணும் டயலுக்குப் பதில் கூட்டும் உறுப்பு. முதலில் ரயில்வே முயன்று பார்த்துவிட்டு வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது. மனுஷன் விடவில்லை. மெஷினைத் திருத்தி, பைசா வாங்காமல் ஓட்டிப் பாருங்கள் என்று கொண்டுபோய் வைத்தார். 1896-ல் ஒப்பந்தம் கைக்கு வந்தது. அதே வருஷம் டிசம்பர் 3-ம் தேதி டேபுலேட்டிங் மெஷின் கம்பெனி பிறந்தது. ரஷ்யாவின் 1897 கணக்கெடுப்புக்கும் மெஷின்கள் போயின.

அதற்குப் பிறகு ஸ்டீல் கம்பெனிகள் வந்தன, சிகாகோவின் பெரிய ஜவுளிக் கடையான மார்ஷல் ஃபீல்டு வந்தது. கடைக்காரர்களுக்கு என்ன தேவை? எந்த மாசம் எவ்வளவு விற்றது, போன வருஷம் இதே மாசம் எவ்வளவு, எந்தப் பிரிவு ஏறுது, எது இறங்குது. அதாவது மாசவாரி, வருஷவாரி விற்பனைச் சுருக்கம். நம்ம ஊர் ஜவுளிக்கடை முதலாளி ஆடிக் கழிவுக்கும் தீபாவளிக்கும் போன வருஷத்துப் பேரேட்டைப் புரட்டுகிறாரே, அதே கவலைதான்.

அதைக் கார்டில் எப்படிச் செய்வது? ஒரு விற்பனைக்கு ஒரு கார்டு என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு இரண்டு காலம், மாசத்துக்கு இரண்டு காலம், தொகைக்கு ஐந்தாறு காலம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு காலத்தைப் பார்த்துத்தான் பிரிப்பு மெஷின் பிரிக்கும். வருஷத்தில் ஆரம்பிக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றும். அங்கேதான் தந்திரம்! கடைசியிலிருந்து வர வேண்டும். முதலில் மாசத்தின் ஒன்றாம் இடம், அப்புறம் மாசத்தின் பத்தாம் இடம், அதற்கப்புறம்தான் வருஷம். ஒவ்வொரு தடவையும் பிரித்த கட்டுகளை வரிசை கலையாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே வந்தால், கடைசியில் வருஷவாரியாகவும் அதற்குள் மாசவாரியாகவும் எல்லா கார்டும் தானாக நின்றுவிடும். ஒரு பாக்கெட் சீட்டுக்கட்டை வைத்து ஹாஸ்டலில் செய்து பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள்.

அப்புறம் ஒவ்வொரு மாசத்துக் கட்டுக்கும் அடுத்த மாசத்துக் கட்டுக்கும் நடுவில் ஒரு நிறுத்தக் கார்டைச் செருகுவார்கள். மெஷின் கூட்டிக்கொண்டே வந்து அந்தக் கார்டைப் பார்த்ததும் நின்றுவிடும். ஆபரேட்டர் தொகையைத் தாளில் எழுதிக்கொண்டு, பூஜ்யத்துக்குத் திருப்பி, மறுபடி ஓட்டுவார். சாஸ் மென்பொருளில் வேலை செய்கிற சீனியர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். அவர்கள் ப்ராக் சார்ட் போட்டு பை இயர் மன்த் என்று எழுதுகிறார்கள். அதுதான் பிரிப்பு மெஷின். டேட்டா ஸ்டெப்பில் ஃபர்ஸ்ட் டாட் மன்த் வந்தால் கூட்டுத்தொகையைப் பூஜ்யமாக்கு, லாஸ்ட் டாட் மன்த் வந்தால் வெளியே எழுது என்கிறார்கள். அதுதான் நிறுத்தக் கார்டு. இவ்வளவும் வேண்டாம் என்றால் தேதிக்கு மன்-இயர் ஃபார்மேட் கொடுத்து ப்ராக் மீன்ஸில் கிளாஸ் போட்டாலே மாசவாரித் தொகை வந்துவிடும்.

இரண்டு பொறிகள் மட்டும் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. மாசத்தை மட்டும் வைத்துப் பிரித்து வருஷத்தை மறந்தால் எல்லா வருஷத்து ஜனவரியும் ஒரே குவியலில் விழும். தொகை பார்க்கப் பிரமாதமாக இருக்கும், அர்த்தம் இருக்காது. இன்னொன்று, விற்பனையே நடக்காத மாசத்துக்கு கார்டே கிடையாது. அதனால் அறிக்கையில் அந்த மாசத்துக்கு வரியும் வராது. முதலாளி கண்ணுக்கு முக்கியமாகத் தெரிய வேண்டிய பூஜ்யம்தான் காணாமல் போகும். அதை நாமாகத்தான் சேர்க்க வேண்டும். தேதியை எழுத்தாக மாற்றிவிட்டுப் பிரித்தால் ஜனவரிக்கு முன்னால் ஏப்ரல் வந்து நிற்கும் கூத்து கம்ப்யூட்டர் வந்த பிறகு சேர்ந்த உபரிப் பொறி.

சாஸ் சொந்தக்காரரே என்று சொன்னாலும் தப்பில்லை. அந்தப் புரோகிராமுக்குள்ளேயே டேட்டாவை எழுதும்போது டேட்டாலைன்ஸ் என்று ஒரு கட்டளை போடுவார்கள். அதன் பழைய பெயர் கார்ட்ஸ். இன்றும் கார்ட்ஸ் என்று எழுதினால் வேலை செய்யும். கார்டைக் கண்ணாலேயே பார்க்காத பிள்ளைகள் அந்தச் சொல்லைத் தட்டுகிறார்கள். ஃபோர்ட்ரான் படித்தவர்களுக்கு ஹெச் என்ற எழுத்து போட்டு வார்த்தையை எழுதும் முறை ஞாபகம் இருக்கும். அந்த ஹெச் நம்ம ஹாலரித்தின் ஹெச்! இன்னொரு கணக்கு. சாஸில் தேதி என்பது 1960 ஜனவரி 1-லிருந்து எத்தனை நாள் என்ற எண். அதன்படி ஹாலரித் பிறந்த நாள் மைனஸ் 36,465. நம்பிக்கை இல்லாதவர்கள் போட்டுப் பாருங்கள், 1900 லீப் வருஷம் இல்லை என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

சரி, அவர் வாழ்க்கைக்குத் திரும்புவோம். 1900 கணக்கெடுப்பும் அவர் மெஷினில்தான் நடந்தது. பண்ணைக் கணக்கில் ஏக்கரும் விளைச்சலும் கூட்ட வேண்டியிருந்ததால் தானாகப் பிரிக்கும் மெஷினையும் அப்போது கொண்டுவந்தார். 1902-ல் கணக்கெடுப்பு அலுவலகம் நிரந்தரத் துறையானது. புது டைரக்டர் நார்த், வாடகை அதிகம் என்றார். ஹாலரித் இறங்கி வரவில்லை. இருவரும் முறுக்கிக்கொண்டார்கள். 1905-ல் ஹாலரித் தன் மெஷின்களை அங்கிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். முதல் பேட்டன்ட்டுகளின் காலம் முடியப் போகிறது என்பது நார்த்துக்குத் தெரியும். அவர் ஜேம்ஸ் பவர்ஸ் என்ற இன்ஜினியரை வைத்து அரசு செலவிலேயே புது மெஷின்கள் செய்ய வைத்தார். 1910 கணக்கெடுப்பு பவர்ஸ் மெஷினில் நடந்தது. ஹாலரித் கோர்ட்டுக்குப் போனார், தோற்றார். பவர்ஸ் தனிக் கம்பெனி தொடங்கி அவருக்கே போட்டியாக நின்றார்.

இதில் யார் பக்கம் நியாயம்? என்னைக் கேட்டால் இருவரிடமும் கோளாறு. எதிராளியே இல்லாத இடத்தில் சொன்னதுதான் விலை என்று ஹாலரித் இருந்தது உண்மை. அதே நேரத்தில் இருபது வருஷம் ஒரு மனுஷன் கை வலிக்க வலிக்கச் செய்த வேலையைப் பக்கத்து அறையில் வேறு ஆளை வைத்துச் செய்து கொள்வதும் அழகில்லை. ஆனால் அந்தச் சண்டை வந்ததால்தான் அவர் அரசாங்கத்தை விட்டுக் கம்பெனிகள் பக்கம் முழுமூச்சாகப் போனார். வேலைக்கு வேலை மெஷினின் உள்வயரை மாற்றாமல், வெளியே ஒரு பலகையில் வயரைச் செருகி மாற்றிக்கொள்ளும் முறை 1906 வாக்கில் வந்ததும் அந்த நெருக்கடியில்தான். புரோகிராம் என்ற எண்ணத்துக்கு அது ஒரு அண்ணன்.

உடம்பு தளர ஆரம்பித்தது. டாக்டர்கள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். சுருட்டையும் நல்ல சாப்பாட்டையும் விடுகிற ஆள் இல்லை. 1911-ல் சார்லஸ் ஃபிளின்ட் என்ற வியாபாரி மூன்று நாலு கம்பெனிகளைச் சேர்த்து ஒன்றாக்கினார். எடை போடும் தராசு செய்கிற கம்பெனி, வேலையாட்களின் நேரம் குறிக்கும் கடிகாரக் கம்பெனி, இவற்றோடு ஹாலரித் கம்பெனி. அவர் பங்குக்கு 12 லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. தொப்பி தைத்து வளர்த்த அம்மாவின் பிள்ளை கோடீஸ்வரர் ஆனார். ஆலோசகர் என்ற பெயரில் 1921 வரை தொடர்பு இருந்தது. 1914-ல் வாட்சன் வந்தார். சேல்ஸ்மேன்களின் ராஜா. ஹாலரித்துக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. ஒருவருக்கு மெஷின் தெய்வம், மற்றவருக்கு வாடிக்கையாளர் தெய்வம். 1924-ல் வாட்சன் அந்தக் கம்பெனிக்குப் புதுப் பெயர் சூட்டினார்: இன்டர்நேஷனல் பிசினஸ் மெஷின்ஸ். 1964-ல் அதே கம்பெனி அறிவித்த 360 கம்ப்யூட்டரில்தான் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1966 முதல் சாஸை எழுத ஆரம்பித்தார்கள். 1976-ல் அது தனிக் கம்பெனி ஆயிற்று.

ஒரு கசப்பான விஷயத்தையும் விட்டுவிட முடியாது. ஜெர்மனியில் 1910-ல் அவர் பெயரையே தாங்கி ஒரு கம்பெனி ஆரம்பிக்கப்பட்டது. அவர் இறந்த பிறகு, 1933-ல் ஹிட்லர் ஆட்சியில் நடந்த கணக்கெடுப்பின் கார்டுகளை அந்தக் கம்பெனிதான் ஓட்டியது. அந்தக் கார்டில் மதத்துக்கும் ஒரு காலம் இருந்தது. மெஷினுக்கு எந்த ஓட்டையும் ஒன்றுதான். எந்தக் காலத்தைப் பிரித்து எடுக்கச் சொல்கிறோம் என்பது பக்கத்தில் நிற்கிற ஆளின் கையில்.

கடைசி வருஷங்களில் பண்ணை வாங்கிக் கெர்ன்ஸி ரகப் பசுக்களை வளர்த்தார். படகு கட்டினார். மெஷினைப் பற்றி யாராவது பேச வந்தால் மட்டும் கண்ணில் பழைய வெளிச்சம் வரும். 1928-ல் ஐ.பி.எம். வட்டத் துளையை நீள்சதுரத் துளையாக்கி ஒரு கார்டில் 80 காலம் கொண்டுவந்தது. அதையும் பார்த்துவிட்டுத்தான் போனார். 1929 அக்டோபர் கடைசியில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. மூன்று வாரம் கழித்து, நவம்பர் 17-ம் தேதி, வாஷிங்டனில் மாரடைப்பால் ஹாலரித் காலமானார். வயது 69. ஜார்ஜ்டவுன் பகுதியில் ஓக் ஹில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அவர் மெஷின் பட்டறை இருந்த கட்டடம் அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில், பழைய கால்வாய்க் கரையோரம், முப்பத்தொன்றாம் தெருவில். அதன் சுவரில் அவர் பெயர் பொறித்த ஒரு பலகையை ஐ.பி.எம். பதித்து வைத்திருக்கிறது.